முப்பத்தொன்பதில் பதம்

தடுப்பூசி தீர்ந்த கண்ணாடிக் குப்பிகள் மூன்றைக்
கழுவிக் காயவைத்துக் கடைக்கு எடுத்துப் போனேன்.
ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி ஊற்று என்றேன்.
எஞ்சின் ஆயிலைச் சில்லறையில் விற்பதில்லை என்றான் டாவாஜாவ்.
போன வசந்தத்தில் அவன் பசுவுக்குக்
கன்று குறுக்கே நின்ற இரவை
நான் ஞாபகப்படுத்தவில்லை.
அவனாகவே ஞாபகப்படுத்திக்கொண்டான்.

முதல் குப்பியில் இருபது-டபிள்யூ-ஐம்பது.
இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாரும் ஊற்றுவது. மலிவு.
அடுத்ததில் ஐந்து-டபிள்யூ-நாற்பது,
லேபிள் மூலையில் எறும்பளவுக்கு எம்.ஏ. என்று ஒரு முத்திரை.
கடைசியில் பூஜ்யம்-டபிள்யூ-இருபது;
ஜப்பான் கார் வாங்கிய பள்ளி ஆசிரியருக்காக
உலான்பாத்தரிலிருந்து வரவழைத்தது.

டபிள்யூ என்றால் குளிர்காலமாம்.
அதற்கு முன்னால் நிற்கும் எண்
குளிரில் எவ்வளவு சோம்பல் என்று சொல்லும்,
பின்னால் நிற்பது கொதிப்பில் எவ்வளவு பொறுமை என்று.
மனிதர்மேலும் இப்படி இரண்டு எண்கள் ஒட்டியிருந்தால்
கல்யாணத்துக்கு முன் படித்துப் பார்த்திருப்பேன்.

இரவு வண்டியின் இருக்கைமேல் மூன்றையும் நிறுத்தினேன்.
நாய் முகர்ந்து பார்த்துத் தனக்கில்லை என்று போனது.

காலை ஏழு மணி. மைனஸ் முப்பத்தொன்பது.
விட்ட மூச்சு இமைக்கே திரும்பி வந்து உறைகிறது.
முதல் குப்பியைக் கவிழ்த்தேன்.
கவிழ்த்தே வைத்திருந்தேன்.
பத்சூரி உப்புத் தேநீரைக் குடித்து முடித்துக்
கூடாரத்தைவிட்டு வெளியே வந்தபோதும் அது அசையவில்லை.
உருட்டுப் பதம் தாண்டிய வெல்லப்பாகு.
இதையா இத்தனை வருஷமாய்
என் எஞ்சினின் தொண்டையில் திணித்தேன்?
காலையில் உதைத்ததும் வருமே ஒரு முனகல்,
அது எண்ணெய் இன்னும் ஏறிவராத உயரத்தில்
இரும்பு இரும்பைத் தின்னும் சத்தம்.

இரண்டாவது யோசித்தது.
பிறகு ஒற்றைக் கம்பிப் பதத்தில் இறங்கியது.
மூன்றாவது, நான் கவிழ்க்கக்கூடக் காத்திருக்கவில்லை.

"அதுதான்" என்றான் பத்சூரி.

அதுதான் என்றுதான் கொம்போசூரேனும் சொன்னான்,
போன பனிக்காலத்தில்.
காரின் கிளட்ச் தனியே உலர்ந்து கிடக்கிறது,
பைக்கின் கிளட்ச் எண்ணெயிலேயே குளிக்கிறது.
வழுக்குவதற்கென்றே மருந்து கலந்த கார் எண்ணெய்க்கு
எதை வழுக்கவிடலாம், எதை விடக்கூடாது என்று தெரியாது.
கணவாய் ஏற்றத்தில் எஞ்சின் அலறியதாம்,
பின்சக்கரம் காது கேளாததுபோல் நின்றதாம்.
பதினோரு கிலோமீட்டர் தள்ளினான்.
இடது காலில் இரண்டு விரல்கள் இப்போது இல்லை.
சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.
நாங்கள் யாரும் சிரிப்பதில்லை.

நடுக் குப்பியின் எண்ணெயையே வாங்கினேன், கடனுக்கு.

இதுவும் நாற்பத்தைந்தில் திணறும் என்று தெரியும்.
அதனால் இரவில் எஞ்சின் ஆறுமுன்
கெட்டிலில் வடித்து
அடுப்பின் ஓரம் வைக்கிறேன்.
அது பத்சூரி படுக்கும் இடம்.
இரண்டு முழம் தள்ளிப் படு என்றேன்.
"எண்ணெய்க்கு என் இடமா?"
எண்ணெய் குறட்டை விடாது என்றேன்.

இன்று நானூறு ஆடுகளுக்கான மருந்து
என் கம்பளி அங்கிக்குள், வயிற்றோடு ஒட்டி.
பெட்டிக்குள் வைத்தால் கல்லாகிவிடும்.
வெதுவெதுப்பாய் இருந்ததை ஊற்றி மூடினேன்.
உதைத்தேன். ஒரே உதை.
முனகல் இல்லை.
வாசலில் நின்று பத்சூரி இரண்டு விரலைக் காட்டுகிறான்;
இரண்டாவது குப்பி என்கிறானா,
இரண்டு முழம் என்கிறானா தெரியவில்லை.

கியரை மிதித்து
மெல்லக் கிளட்சை விட்டேன்.

பிடித்தது.